சிவகாசிக்கு லீவு விட்டா மலைக்கு கேட் மூடல்: சதுரகிரி, செண்பகத்தோப்பு காட்டுப் பாதைகளில் எப்போது நடக்கலாம்?

சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். ஞாயிற்றுக்கிழமை லீவு. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் பட்டாசு, தீப்பெட்டி, அச்சகத் தொழிலில் இருக்கும் பெரும்பாலான குடும்பங்களுக்கு வாரம் என்பது இவ்வளவுதான். அந்த ஒரு நாளில் எங்கேயாவது போயிட்டு வரணும் என்றால் முதலில் கண்ணில் படுவது மேற்கே தெரியும் மலைதான். பைக்கை எடுத்தால் சுமார் 20 கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கிருந்து இன்னும் கொஞ்சம் போனால் செண்பகத்தோப்பு. வத்திராயிருப்பு வழியாகப் போனால் தாணிப்பாறை, அதாவது சதுரகிரி மலையின் அடிவாரம்.

போவது சுலபம். உள்ளே நுழைவதுதான் கேள்வி. "அண்ணே, இன்னைக்கு மேல விடுவாங்களா?" அடிவாரத்துக்குப் போன எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். சில நாள் விடுவார்கள். சில நாள் மழை என்று சொல்லி நிறுத்துவார்கள். சில நாள் தீ. ஊரில் இருந்து விடியற்காலையில் கிளம்பி வந்தவர்களுக்கு அது எரிச்சலாகத்தான் இருக்கும்.

ஆனா அந்த கேட் ஏன் மூடப்படுகிறது, யாருக்குத் திறக்கிறது, எந்த மாதத்தில் திறந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. பட்டாசு ஊரின் லீவு காலண்டரும் மலையின் காலண்டரும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். தொழிலாளிக்கு ஓய்வு கிடைக்கும் நாட்களில்தான் மலை மிக ஆபத்தாக இருக்கிறது.

எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

இது எந்தக் காடு?

விருதுநகர் மாவட்டம் என்றாலே வறண்ட கரிசல் பூமி என்றுதான் பலருக்கும் நினைவு. மாவட்டத்தின் மேற்கு ஓரம் வேறு மாதிரி. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், வத்திராயிருப்பு ஆகிய மூன்று ஊர்களுக்கும் முதுகுப்பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை. மாவட்டத்தின் பிளவக்கல் அணைகளுக்கு இங்கிருந்துதான் தண்ணீர்.

1988-ல் இந்தக் காடு சாம்பல் நிற மலை அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் தேனி மாவட்டத்தின் மேகமலையையும் சேர்த்து, 'ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம்' ஆனது. பரப்பளவு சுமார் 1,016 சதுர கிலோமீட்டர். இந்தியாவின் 51-வது புலிகள் காப்பகம். தமிழ்நாட்டில் களக்காடு – முண்டந்துறை, ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம் ஆகியவற்றுக்குப் பிறகு ஐந்தாவது. மலையின் அந்தப் பக்கம் கேரளாவின் பெரியாறு புலிகள் காப்பகம். யானைக்கும் புலிக்கும் இரண்டும் ஒரே காடுதான்.

இதில் நமக்கு முக்கியமான விஷயம் ஒன்று. சரணாலயம் என்று அறிவித்துவிட்டால் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அங்கே செல்லும். அந்தச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி பணியில் இருக்கும் அரசு ஊழியர், அனுமதி பெற்றவர், உள்ளே நிலம் வைத்திருப்பவர், பொதுச் சாலையில் கடந்து போகிறவர் என ஒரு சிலரைத் தவிர யாரும் உள்ளே நுழைய முடியாது. ஆராய்ச்சி, புகைப்படம், சுற்றுலா போன்ற காரணங்களுக்கு அனுமதி கொடுக்கலாம் என்கிறது 28-வது பிரிவு. 30-வது பிரிவு, சரணாலயத்துக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவதைத் தடை செய்கிறது.

சுருக்கமாகச் சொன்னால், நம்ம ஊர் மலைதான். ஆனா நினைத்த நேரத்தில் ஏறிவிடலாம் என்ற உரிமை கிடையாது.

வெளிநாட்டில் நடக்கிறார்களே, இங்கே ஏன் இல்லை?

அமெரிக்காவில் அப்பலாச்சியன் ட்ரெயில் என்ற காட்டுப் பாதை இருக்கிறது. சுமார் 3,500 கிலோமீட்டர் நீளம். ஜார்ஜியாவில் தொடங்கி மெய்ன் வரை 14 மாநிலங்களைக் கடந்து போகும். 1921-ல் யோசனையாக முன்வைக்கப்பட்டு, 1937-ல் முழுப் பாதையும் இணைக்கப்பட்டது. அதை ஒரே மூச்சில் நடந்து முடிப்பவர்கள் குறைவு. பெரும்பாலானவர்கள் ஒரு சனி, ஞாயிறு வந்து ஒரு துண்டை நடந்துவிட்டுத் திரும்புவார்கள். அடுத்த லீவில் அடுத்த துண்டு.

மேற்குத் தொடர்ச்சி மலையும் சுமார் 1,600 கிலோமீட்டர் நீளம். குஜராத்தில் ஆரம்பித்து கன்னியாகுமரி வரை வருகிறது. ஆனா இங்கே அப்படி ஒரே பாதை கிடையாது. யானையும் புலியும் வாழும் காப்பகங்கள் அடுத்தடுத்து இருப்பதும், ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி தேவைப்படுவதும் முக்கியக் காரணங்கள்.

அதற்காக இந்த மண்ணில் நீண்ட தூரம் நடக்கும் பழக்கம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு எத்தனை ஊர்களில் இருந்து பாதயாத்திரை வருகிறது என்பது சாத்தூர்க்காரர்களுக்குத் தெரியும். சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களில் ஒரு பகுதியினர் எருமேலியில் இருந்து அழுதை, கரிமலை வழியாகப் பம்பை வரை 'பெரிய பாதை'யில் நடக்கிறார்கள். அது பெரியாறு காட்டுக்குள் போகும் பாதை. மண்டல, மகரவிளக்கு காலத்தில்தான் திறக்கும்.

அதாவது தென்மாவட்டங்களில் காட்டுக்குள் நீண்ட தூரம் நடப்பது என்பது பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை. சாமி கும்பிடத் தொடங்கியது. சதுரகிரியும் அப்படித்தான். இங்கே இருக்கும் குழப்பத்தில் பாதி இதிலிருந்துதான் வருகிறது.

பக்தர் என்றால் ஒரு கேட், ட்ரெக்கர் என்றால் இன்னொரு கேட்

சதுரகிரியில் சுந்தர மகாலிங்கம், சந்தன மகாலிங்கம் கோயில்கள் இருக்கின்றன. இந்து சமய அறநிலையத்துறையின் நிர்வாகம். ஏறத் தொடங்கும் தாணிப்பாறை விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. கோயில் இருக்கும் இடம் மதுரை மாவட்டம், சாப்டூர் பகுதி. நடுவில் இருக்கும் பாதை முழுக்க வனத்துறையிடம். ஒரு நாள் பயணத்துக்குள் இரண்டு மாவட்டம், இரண்டு துறை. இதில் போலீஸ், தீயணைப்புத்துறை தனி.

மாங்கனி ஓடை, வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், நாவலூற்று, பிலாவடி கருப்பசாமி என்று பாதை போகும். பழக்கம் இல்லாதவர்களுக்கு ஏற நான்கைந்து மணி நேரம்கூட ஆகும். கோயில் பாதை என்பதால் படிக்கட்டு, கைப்பிடி என்று நினைத்து வருபவர்களும் உண்டு. பெரும்பகுதி கல்லும் பாறையும்தான்.

அமாவாசையை ஒட்டி நான்கு நாள், பௌர்ணமியை ஒட்டி நான்கு நாள் என மாதத்துக்கு எட்டு நாள் மட்டும் மலையேறலாம் என்பது பல ஆண்டுகள் இருந்த நடைமுறை. நாட்களைக் கூட்ட வேண்டும், தினமும் விட வேண்டும் என்ற கோரிக்கை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனது. அனுமதி நாட்கள் உத்தரவைப் பொறுத்து மாறக்கூடியவை. மாறாத விதிகளும் உண்டு. காலையில் குறிப்பிட்ட நேரத்துக்குள்தான் ஏற விடுவார்கள். இரவு மலையில் தங்கக்கூடாது. பிளாஸ்டிக்கும் தீப்பற்றும் பொருளும் உள்ளே போகக்கூடாது. மழை பெய்தால் அந்த நாள் அனுமதியே ரத்து.

இது பக்தருக்கான வழி.

இன்னொரு வழி, 2024 அக்டோபர் 24 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம். 14 மாவட்டங்களில் 40 மலையேற்றத் தடங்கள். எளிது, மிதமானது, கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். ஆன்லைனில் பெயர் பதிந்து, கட்டணம் கட்டி, பயிற்சி பெற்ற வழிகாட்டியுடன்தான் போக முடியும். வழிகாட்டிகள் பெரும்பாலும் அந்தந்தப் பகுதியைச் சேர்ந்த பழங்குடி இளைஞர்கள். விருதுநகர் மாவட்டத்தின் செண்பகத்தோப்பு – புதுப்பட்டி தடமும் இந்தப் பட்டியலில் உண்டு.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே காப்பகம். ஒருவர் சாமி கும்பிட என்று சொன்னால் கூட்டத்தோடு கூட்டமாக ஏறுவார், வழிகாட்டி கிடையாது. இன்னொருவர் நடக்க என்று சொன்னால் சிறு குழுவாக, வழிகாட்டியுடன், பெயர் பதிவோடு போவார். பணமும் கூடுதல். பல தடங்களுக்கு ஒரு ஆளுக்கே ஆயிரம் ரூபாயைத் தாண்டும். நான்கு பேர் உள்ள ஒரு பட்டாசுத் தொழிலாளி குடும்பத்துக்கு ஒரு வாரச் சம்பளம் முழுசாகப் போய்விடும்.

அதனால் சாதாரண குடும்பங்கள் எந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காசு குறைவான வழியில்தான் கூட்டம் அதிகம், வழிகாட்டியும் இல்லை.

காட்டாறு 'சாமி கும்பிட வந்தீங்களா, சுத்திப் பார்க்க வந்தீங்களா' என்று கேட்காது. தீயும் கேட்காது. இரண்டுக்கும் சமீப வரலாற்றிலேயே உதாரணம் இருக்கிறது.

தண்ணீர்: 2015 மே, சதுரகிரி

2015 மே மாத அமாவாசைக்கு சதுரகிரியில் பெருங்கூட்டம். மலையில் திடீரென்று கனமழை. ஓடைகளில் காட்டாற்று வெள்ளம். பக்தர்கள் பலர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தனர். இறங்க முடியாமல் ஆயிரக்கணக்கானவர்கள் மலையிலேயே சிக்கினார்கள். கயிறு கட்டி ஓடைகளைக் கடக்க வைத்து மீட்டார்கள்.

மே மாதம் கோடை. ஆறு வறண்டிருக்கும் காலம். அப்புறம் எப்படி வெள்ளம்?

இந்த மலை செங்குத்தானது. ஓடைகள் குறுகலானவை. மேலே பாறை அதிகம் என்பதால் பெய்யும் மழையை மண் உறிஞ்ச நேரம் இல்லை. மேலே பெய்த மழை கொஞ்ச நேரத்தில் கீழே ஓடைக்கு வந்துவிடும். தாணிப்பாறையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மேலே கொட்டிக்கொண்டிருக்கும். கீழே இருப்பவருக்கு எந்த அறிகுறியும் தெரியாது.

அதோடு கோடை மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும். சதுரகிரிக்குப் போகிறவர் ஒரே ஓடையை இரண்டு முறை கடக்கிறார். காலையில் ஏறும்போது ஒருமுறை, மாலையில் இறங்கும்போது ஒருமுறை. காலையில் கணுக்கால் அளவு தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்த அதே மாங்கனி ஓடை, சாயங்காலம் ஆளை இழுக்கும். 'காலையில இதுலதான வந்தோம்' என்ற நினைப்பில்தான் பலர் இறங்கிவிடுகிறார்கள்.

'மழை, இன்று அனுமதி இல்லை' என்ற அறிவிப்புக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

தீ: 2018 மார்ச், குரங்கணி

சதுரகிரி, மேகமலையைத் தாண்டி வடக்கே போனால் தேனி மாவட்டம் குரங்கணி. 2018 மார்ச் 10, சனிக்கிழமை. சென்னையில் இருந்தும் கொங்கு மண்டலத்தில் இருந்தும் வந்த இரண்டு குழுவினர் மலையேறினார்கள். அவர்களுக்கும் அது ஒரு வார இறுதிப் பயணம்தான். மறுநாள் மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை இறங்கி வரும்போது காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலானவர்கள் இளைஞர்கள். அலறல் கேட்டு முதலில் ஓடிப்போனவர்கள் உள்ளூர்க்காரர்கள். ஹெலிகாப்டரும் கமாண்டோ வீரர்களும் பிறகுதான் வந்தார்கள்.

தீ மலைச்சரிவில் மேல்நோக்கி வேகமாகப் பரவும். கீழே எரியும் தீயின் சூடு மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடுகிறது. காற்றும் சேர்ந்தால் மனிதன் ஏறும் வேகம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. தீயைப் பார்த்ததும் மேலே ஓடுவதுதான் இயல்பாகத் தோன்றும், அதுதான் மிக ஆபத்தானது. பாறை, வறண்ட ஓடைப்படுகை, ஏற்கெனவே எரிந்து முடிந்த இடம் என்று எரிய ஒன்றும் இல்லாத இடத்தைத் தேடித்தான் ஒதுங்க வேண்டும்.

குரங்கணிக்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு எழுதப்பட்ட விதிகள் வந்தன. தீ அபாயக் காலத்தில் காட்டுக்குள் மலையேற்றம் இல்லை என்பது அவற்றில் முக்கியமானது. 'ட்ரெக் தமிழ்நாடு' தொடங்கிய பின் வந்த முதல் கோடையிலும், 2025 பிப்ரவரி நடுவில் இருந்து ஏப்ரல் நடு வரை தடங்கள் மூடப்பட்டன. சதுரகிரியிலும் காட்டுத்தீ காரணமாக பக்தர்களை நிறுத்தியது உண்டு.

தீ விஷயத்தில் சிவகாசி பக்கத்து மக்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தீப்பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு வேலைக்குள் நுழையும் ஊர் இது. மருந்து கலக்கும் இடத்தில் நைலான், பாலியஸ்டர் துணி கூடாது, பருத்திதான் என்பது அங்கே வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். காட்டுக்கும் அதே விதி பொருந்தும். தீயின் சூட்டில் செயற்கை இழைத் துணி உருகி உடம்பில் ஒட்டும். பருத்தி அப்படி உருகாது. தாணிப்பாறை கேட்டில் பையைத் திறந்து தீப்பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆலை வாசலில் தினமும் நடக்கும் சோதனைதான் அது.

இரண்டு காலண்டர்

இனி முக்கியமான கணக்கு. இந்தியாவுக்கே காலண்டர் அச்சடித்துக் கொடுக்கும் ஊர் சிவகாசி. அந்த ஊரின் லீவு நாட்களை மலையின் மேல் வைத்துப் பார்ப்போம்.

தீபாவளிக்குப் பிறகு: ஆண்டு முழுக்க ஓடிய பட்டாசு ஆலைகள் தீபாவளி முடிந்ததும் சில வாரங்கள், சில இடங்களில் ஒரு மாதம் வரை மூடியிருக்கும். தொழிலாளிக்கு ஆண்டின் மிக நீண்ட ஓய்வு இதுதான். கையில் போனஸ் இருக்கும், வேலை இருக்காது. ஆனா அது அக்டோபர் கடைசி, நவம்பர். வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் நேரம். ஓடைகள் பொங்கும். மலைக்கு அனுமதி அடிக்கடி ரத்தாகும்.

பங்குனி, சித்திரைப் பொங்கல்: விருதுநகரிலும் சிவகாசியிலும் அம்மன் கோயில் பொங்கல் திருவிழாக்களுக்கு ஊரே லீவு விடும். வெளியூரில் இருப்பவர்களும் வந்து சேர்வார்கள். அது மார்ச், ஏப்ரல், மே. முதல் பாதி காட்டுத்தீ காலம், தடங்கள் மூடல். இரண்டாம் பாதி 2015-ல் வந்ததுபோல் கோடை மழை வரும் காலம்.

ஆடி அமாவாசை: ஜூலை, ஆகஸ்ட். சதுரகிரியின் மிகப்பெரிய திருவிழா. சிறப்புப் பேருந்து, மருத்துவக் குழு, தீயணைப்பு வீரர்கள் என்று ஏற்பாடு அதிகம். ஆனா கூட்டமும் அதிகம். தீபாவளி ஆர்டர் சூடுபிடிக்கும் நேரம் என்பதால் தொழிலாளிக்கு ஒரு நாளுக்கு மேல் கிடைப்பது கஷ்டம். தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கம் கொட்டினாலும் இந்தப் பக்கச் சரிவு காய்ந்தே கிடக்கலாம். அதனால் தீ பயமும் முழுசாகப் போயிருக்காது.

மார்கழிக் கடைசி, தை: வடகிழக்கு மழை ஓய்ந்திருக்கும். காடு பச்சையாக இருக்கும், தீ பிடிக்கும் அளவு காய்ந்திருக்காது. ஓடையில் தண்ணீர் இருக்கும், வெள்ளம் குறைந்திருக்கும். வெயிலும் குறைவு.

நான்கையும் பார்த்தால், பட்டாசு ஊருக்கும் மலைக்கும் ஒத்துப்போகும் லீவு ஒன்றே ஒன்று. தைப்பொங்கல். ஜனவரி நடுவில் இருந்து பிப்ரவரி முதல் வாரங்கள் வரை. ஆண்டுக்கு நான்கைந்து ஞாயிறு. அவ்வளவுதான்.

அதுகூட உறுதி அல்ல. ஜனவரியிலும் மழை வந்த ஆண்டுகள் உண்டு. ஆனா மற்ற மாதங்களோடு ஒப்பிட்டால் இதுதான் பாதுகாப்பான இடைவெளி.

ஒரே ஒரு ஞாயிறு என்பதில் என்ன ஆபத்து?

மாதத்துக்கு எட்டு நாள் அனுமதி என்ற பழைய நடைமுறையில் எத்தனை ஞாயிறு வரும்? நான்கு நாள் தொடர்ச்சியில் ஒரு ஞாயிறு விழ வாய்ப்பு ஏழில் நான்கு. மாதத்துக்கு இப்படி இரண்டு தொடர்ச்சி. சராசரியாக மாதத்துக்கு ஒரு ஞாயிறுக்குக் கொஞ்சம் கூட. மற்ற நாட்களில் அனுமதி இருந்தாலும் வாரம் ஆறு நாள் வேலைக்குப் போகிறவருக்குப் பயன் இல்லை.

அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையும் மேகம் கறுத்திருந்தால் என்ன செய்வார்? 'வந்தது வந்துட்டோம், போயிட்டு வந்துடலாம்' என்பார். மறுநாள் காலையில் வேலை. அதனால் எப்படியாவது இறங்கியே ஆக வேண்டும் என்று ஓடை ஓரத்தில் காத்திருக்காமல் கடப்பார். முதல் நாள் வேலை முடித்த களைப்போடு ராத்திரியே கிளம்பி வந்திருப்பார், தூக்கம் இருக்காது. எந்த விதியையும் மீறாமலே ஆபத்து கூடிக்கொண்டே போகிறது.

இது தனி ஆளின் அலட்சியம் மட்டும் இல்லை. லீவு குறைவாக இருப்பதாலும், அனுமதி நாட்கள் குவிந்திருப்பதாலும், ரத்து செய்தி கேட்டுக்கு வந்த பிறகு தெரிவதாலும் உருவாகும் நெருக்கடி. கூட்டத்தை ஒரே நாளில் குவித்தால் காட்டுப் பாதையில் என்ன ஆகும் என்பதற்கு சபரிமலை புல்மேடு சாட்சி. 2011 ஜனவரி 14 அன்று மகரஜோதி பார்த்துவிட்டுத் திரும்பிய கூட்டத்தில் ஏற்பட்ட நெரிசலில் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே வெள்ளமும் இல்லை, தீயும் இல்லை. கூட்டமே போதுமானதாக இருந்தது.

என்ன மாற வேண்டும்?

கேட்டை முழுசாகத் திறந்துவிடுங்கள் என்பது தீர்வு அல்ல. புலிகள் காப்பகத்தில் அது நடக்கவும் நடக்காது, நடக்கவும் கூடாது. முழுசாக மூடுவதும் முடியாது. தலைமுறைகளாக நடக்கும் பாதை அது. இருக்கும் சட்டத்துக்குள்ளேயே செய்யக்கூடியவை சில உண்டு.

ஒன்று, அறிவிப்பு. அனுமதி உண்டா இல்லையா என்பதை முதல் நாள் மாலைக்குள் சொல்ல முடிந்தால், பாதிப் பேர் ஊரில் இருந்தே கிளம்ப மாட்டார்கள். மழை முன்னறிவிப்பு இப்போது மாவட்ட வாரியாகக் கிடைக்கிறது. ஞாயிறு காலை கேட்டில் வாக்குவாதம் செய்வதைவிட சனிக்கிழமை மாலை ஒரு அறிவிப்பு எளிது.

இரண்டு, வழிகாட்டி. செண்பகத்தோப்பு, தாணிப்பாறை அடிவாரங்களில் வாழும் பளியர் மக்களுக்கு ஓடையின் சத்தத்தை வைத்தே மேலே மழை பெய்கிறதா என்று சொல்லும் அளவு பழக்கம் உண்டு. ட்ரெக்கருக்கு அவர்களை வழிகாட்டியாக அனுப்பும் ஏற்பாடு வந்துவிட்டது. பக்தர் பாதையிலும் ஓடைக்கு ஓடை அவர்களைச் சம்பளத்துக்கு நிறுத்தினால் உயிரும் பிழைக்கும், அவர்களுக்கு வருமானமும் கிடைக்கும்.

மூன்று, கட்டணம். உள்ளூர்க்காரர்களுக்கும் தொழிலாளர் குடும்பங்களுக்கும் ஜனவரி மாத ஞாயிறுகளில் குறைந்த கட்டணத்தில் சிறு குழுக்களை அனுப்பலாம். பணம் கட்டிப் போகும் பாதுகாப்பான வழி பணம் இருப்பவருக்கு மட்டும் என்று ஆகிவிடக் கூடாது.

கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

முதல் நாளே அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காலண்டரில் அமாவாசை என்று இருப்பது மட்டும் அனுமதி ஆகாது.

அடிவாரத்தில் வெயில் என்பதை நம்பாதீர்கள். மேலே மேகம் கட்டியிருந்தால் ஏற வேண்டாம். ஏறியிருந்தால் மதியத்துக்கு முன்பே இறங்கத் தொடங்குங்கள்.

ஓடையில் தண்ணீர் கலங்கலாக மாறினால், இலையும் குச்சியும் அடித்து வந்தால், சத்தம் கூடினால் மேலே மழை என்று அர்த்தம். கரையில் மேடான இடத்தில் காத்திருங்கள். இந்த மாதிரி ஓடை ஏறும் வேகத்தில் வடிந்தும் விடும். சில மணி நேரம்தான். திங்கட்கிழமை வேலைக்கு லேட்டானால் பரவாயில்லை.

பருத்தி உடை, பிடிமானமுள்ள செருப்பு அல்லது ஷூ, ஆளுக்குக் குறைந்தது இரண்டு லிட்டர் தண்ணீர், டார்ச், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் அன்றைய மாத்திரை. இதயம், மூச்சுப் பிரச்சினை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏற வேண்டாம்.

சூடம், தீப்பெட்டி, பீடி, சிகரெட் வேண்டாம். வழியில் இருக்கும் சாமிக்குப் பூ போதும்.

பாதையை விட்டு விலகாதீர்கள். செல்போன் சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது. எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

அனுமதி இல்லை என்றால்? அருகிலேயே பிளவக்கல் அணை இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயில் இருக்கிறது. பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்பலாம். அடுத்த தையிலும் மலை அங்கேதான் இருக்கும்.